ஃபால்ட்டுக்கு ஜெர்மன்

'ஃபால்ட்' என்ற ஒற்றைச் சொல்லோடு முக்கால் மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் திருமலை.

வல்லம் வடகால் தொழிற்சாலையில் நேற்று நான்காவது பிரஸ் மெஷினின் டை, தகட்டை அழுத்தும் அச்சு, உடைந்துபோனது. மேனேஜர் அண்ணாதுரை ஆங்கிலத்தில் ஒரே வரியில் அறிக்கை எழுதி ஜெர்மனியிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்: நான்காவது மெஷினில் ஃபால்ட், ஓட்டியவர் செல்வலட்சுமி.

ஜெர்மன் பிரதி இன்று போக வேண்டும். ஆபீசில் ஜெர்மன் படித்தவன் திருமலை ஒருவன்தான்.

ஆங்கிலம் சத்திரம் மாதிரி. கோளாறு, பிழை, குற்றம் எல்லாம் ஒரே பாயில் படுத்துக்கொள்ளும். ஜெர்மன் லாட்ஜ். ஆதார் கார்டு கேட்கும்.

மெஷினின் கோளாறு என்றால் 'ஷ்டோருங்'. ஓட்டியவரின் தவறு என்றால் 'பெடீன்ஃபேலர்'.

எது சரி என்பதில் திருமலைக்குச் சந்தேகமே இல்லை. முக்கால் மணி நேரம் போனது அதற்காக அல்ல.

டை உடையாமல் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார் செத்துக் கிடந்தது. ஷ்டோருங் என்று போட்டால், நேற்றுக் காலையில் அதைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டது யார் என்று அடுத்த கேள்வி வரும்.

போட்டது திருமலை; தினமும் மெஷின்களைச் சோதிப்பதும் அவன் வேலைதான். டீ ஆறுவதற்குள் சோதனைப் படிவத்தின் பன்னிரண்டு கட்டங்களிலும் டிக் அடித்திருந்தான்.

பெடீன்ஃபேலர் என்றால் கேள்வியே வராது. ஒரு காண்ட்ராக்ட் பெண்ணுக்கு வேலை போகும், அவ்வளவுதான்.

அந்தப் பெண் கண்ணாடிக் கதவருகே நின்றாள்.

“நான் ரெண்டு மட்டம் சொன்னேம்லா அண்ணே, சென்சார் லைட்டு எரியலன்னு. அத நல்லபடியா எழுதிருங்க.”

உள்ளேயிருந்து அண்ணாதுரை குரல் கொடுத்தார். “இன்னா திருமல, ஒரு வார்த்தைக்கு டாக்டர் பட்டம் வாங்கப்போறியா? எதுனா ஒண்ணு போட்டு அனுப்புப்பா!”

எதுனா ஒன்றைப் போட்டிருந்தால்கூட பாதிக்குப் பாதி புண்ணியம் இருந்திருக்கும். அவன் யோசித்துத்தான் போட்டான்.

பெடீன்ஃபேலர்.

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது.

'உங்கள் முதல் அறிக்கையை மெஷின் கோளாறு என்றே புரிந்துகொண்டோம். புது சென்சாரைப் பார்சலும் கட்டிவிட்டோம். ஜெர்மன் பிரதி தெளிவாக்கிவிட்டது. பார்சலை நிறுத்தியிருக்கிறோம். ஓட்டியவரை மாற்றவும். மொழிபெயர்த்தவரின் துல்லியத்துக்குப் பாராட்டுகள்.'

“பதில் வந்துட்டாண்ணே? என்ன எழுதியிருக்காவ?”

திருமலை கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிக்கொண்டான்.

“ஜெர்மன்ல இருக்குதும்மா. படிச்சி சொல்ல டைம் ஆவும்.”

“ஆவட்டும்ணே. இருந்து கேட்டுட்டே போறேன்,” என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள் செல்வலட்சுமி.

வந்திருந்த மெயில் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது.