சிக்கந்தரின் குரலுக்கு ஒரு ரிசீவர்

என் காதுக்கருவியின் ரிசீவர் கெட்டுப்போனதும் புதிது போட்டேன். மகா கெட்டிக்காரச் சாமான். அடுத்த ஜில்லாவில் எறும்பு தும்மினால்கூடக் கேட்கும். எதிரே உட்கார்ந்து சீட்டாடும் என் சிநேகிதன் சிக்கந்தர் பேசினால் மட்டும் கேட்காது. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு கரகரக்கும் அவன் பேச்சை, மனிதக் குரலே இல்லை, வெறும் இரைச்சல் என்று அது அழித்துவிடும்.

மூன்று மாதம் அவன் வாய் அசையும்போதெல்லாம் சிரித்துத் தலையாட்டினேன். அதற்குமேல் முடியாமல் அவனையே கடைக்கு இழுத்துப்போனேன்.

கடையில் ஜெசிந்தா என்ற பெண் ஒரு லட்சம் ரிசீவராவது மாட்டிப் பார்த்திருப்பாள். ஒன்றிலும் சிக்கந்தர் இல்லை.

"ஐயா, இது மெக்கானிக்குங்க போட்டுக்கிறது. என்ஜின் கோளாறைக் காதாலயே கண்டுபிடிக்க. உங்க மாடலுக்குச் சேரும். போடட்டுமா?"

போட்டாள். கரகரவென்று வந்து சேர்ந்தான் என் சிக்கந்தர்.

"கேக்குதாடா?"

"கேக்குதுடா!"

"அப்போ மூணு மாசமா நான் திட்டினது ஒண்ணுமே கேக்கலையா? அடப்பாவி, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணுமே!"

ஜெசிந்தாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சவுகரியமாக உட்கார்ந்தேன்.

"ஆரம்பிடா," என்றேன்.