ஒருத்தர் சம்பாத்தியம்

சாட்சிக் கூண்டில் ஏறியதும் கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

முன்னாலிருந்த மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டான். பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளுக்கு முன்னால் நின்று நின்றே பழகிய உடம்பு. நிற்பது கஷ்டமில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். கெட்டவராகத் தெரியவில்லை. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டவர் மாதிரி இருந்தார்.

பெயரைக் கேட்டார். சொன்னான்.

சம்பளத்தைக் கேட்டார். சொன்னான்.

“இறந்துபோன உங்க சம்சாரம் வசந்தாமணி என்ன வேலை பார்த்தாங்க?”

இந்த ஒரு கேள்விக்குத்தான் இத்தனை நாளும் தயாராகியிருந்தான். அவனுடைய வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார். ஊட்ல இருந்தே பீஸ் வேலை பாத்தாங்க, மாசம் பன்னெண்டாயிரம். அவ்வளவு சொன்னால் போதும். வேலை பார்த்தவள் என்றால் நஷ்டஈடு ஒரு மாதிரி. வீட்டில் சும்மா இருந்தவள் என்றால் வேறு மாதிரி. இரண்டுக்கும் நடுவில்தான் கோகிலாவின் கால் இருந்தது. விபத்தன்று அம்மாவோடு ஸ்கூட்டியில் போன மகள். முழங்காலில் இன்னும் ஒரு ஆபரேஷன் பாக்கி.

அயர்ன் போடும்போதெல்லாம் முணுமுணுத்துப் பார்த்தான். பக்கத்து டேபிள்காரன்கூட மந்திரமா என்று கேட்டுச் சிரித்தான்.

இத்தனைக்கும் அது பொய்யில்லை.

வாயைத் திறந்தான்.

“சும்மா ஊட்லதானுங்க இருந்தா.”

ஃபேன் சுற்றியது.

நீதிபதி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். “இல்லத்தரசி. வருமானம் இல்லை.”

டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். சீக்கிரம் முடிந்துவிட்டது.

இன்சூரன்ஸ் வக்கீல் அவனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். அவனுடைய வக்கீல் பதறி எழுந்து திரும்பத் திரும்பக் கேட்டார். அவனும் பீஸ் வேலை என்றான், பன்னெண்டாயிரம் என்றான். முதலில் சொன்னது முதலில் சொன்னதுதான்.

அந்தக் கேள்விக்கு இருபது வருஷமாக அதுதான் பதில்.

ரேஷன் கார்டு எழுதக் கேட்டபோது. கோகிலாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் கேட்டபோது. வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாளே, அவளிடமும். வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள்.

நான் ஒருத்தன்தானுங்க.

அந்தப் பெண் பனியன் மூட்டையைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தாள். மூட்டைக்குப் பக்கத்தில் வசந்தாமணி உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சின்னக் கத்தரியைக் கீழே வைக்காமலே ஆமாம் என்று தலையாட்டினாள்.

எல்லாம் குழந்தைகள் போடும் பனியன். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டி, மடித்து, அடுக்கிக் கொடுத்தால் பீஸுக்கு இவ்வளவு என்று காசு. கட்டைவிரலில் காய்ப்புக் காய்த்திருந்தது. வீட்டு வாடகை அந்தக் காசில்தான் போனது. சோற்றில் நூல் கிடக்கிறது என்று அவன் கத்துவான். அவள் நூலை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி சோறு போடுவாள்.

வெட்டிய மூட்டையைக் கொடுக்கப் போன வழியில்தான் அந்த லாரி.

ரோட்டில் இறைந்து கிடந்த பனியன்களை யாரோ பொறுக்கிக் கொடுத்தார்கள். கறை பட்ட பீஸ்களுக்கு மூட்டை கொடுத்தவர்கள் காசு கழித்தார்கள். அதற்கும் அவன் சரிங்க என்றான்.

வெளியே பெஞ்சில் கோகிலா உட்கார்ந்திருந்தாள். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது.

“சொல்லிட்டீங்ளாப்பா?”

“ம்.”

அவனுடைய வக்கீல் அவர்களைத் தாண்டிப் போனார். “பாக்கலாங்ண்ணா,” என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

அவனுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன்மேல் வெறுப்பாகத்தான் இருந்தது. அந்த வெறுப்புகூட பக்கத்து வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேட்பது மாதிரி இருந்தது.

பஸ்ஸில் கோகிலாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவளருகில் அவன் உட்கார்ந்தான். முன் சீட்டிலிருந்து ஒருவர் திரும்பினார். சென்னியப்பன். முன்பு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்.

வசந்தாமணியைப் பற்றிக் கேட்டார். எழவுக்கு வர முடியாமல் போனதற்கு வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு கோகிலாவைப் பார்த்தார்.

“பாப்பா என்ன பண்ணுதுங்க? காலேஜுங்களா?”

அவன் வாயைத் திறந்தான். அதே வார்த்தைகள் நாக்கில் வந்து நின்றன. இந்தத் தடவை அடையாளம் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டான்.

அதற்குள் கோகிலா பதில் சொல்லிவிட்டாள்.

“இல்லீங் மாமா. சும்மா ஊட்லதானுங்க இருக்கேன்.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் கோர்ட்டுக்குள் வரவே இல்லை.

அவளுடைய ஷாலில் வெள்ளை வெள்ளையாக நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. காலையில் கிளம்புகிற வரைக்கும் வெட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மூட்டையை எடுக்க வண்டி வரும். போன மாத வாடகையை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அவன் வாங்கிக் கொண்டுபோய்க் கட்டினான்.

“அப்ப உங்க ஒருத்தர் சம்பாத்தியந்தானுங்க,” என்றார் சென்னியப்பன். பாவம் என்பது போல அவனைப் பார்த்தார்.

அவன் தலை ஆடத் தொடங்கியது.

பாதியில் நின்றது.

சென்னியப்பன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கமிருந்து கோகிலாவும் திரும்பினாள்.