மூன்று மாதக் குழாய்

போன தடவை வைத்த குழாயும் அடைத்துக்கொண்டது.

எண்டோஸ்கோப்பி அறைக்கு வெளியே சக்கரக் கட்டிலில் கிடந்தவரின் கண்கள் மஞ்சள் பூத்திருந்தன. விடிந்ததிலிருந்து குளிர் நடுக்கம் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு, தனக்கு ஒன்றுமேயில்லை என்பது போல அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

பித்தக்குழாயில் வைக்கிற பிளாஸ்டிக் ஸ்டென்ட் மூன்று மாதம் தாங்கும். அப்புறம் கசடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வாய்வழியே கேமராவை விட்டு, பழையதை உருவிவிட்டுப் புதியதை வைப்பார்கள். மயக்க மருந்து கொடுப்பதால் துணையில்லாமல் அனுப்ப மாட்டார்கள். வீட்டிலும் ஒரு நாள் முழுக்க ஆள் கூடவே இருக்க வேண்டும்.

இது ஏழாவது தடவை. ஏழு தடவையும் அவள்தான் துணை. மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், அவர் அயர்ந்து தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். உலோக ஸ்டென்ட் வைத்தால் ஒரு வருடம் இந்தப் பக்கமே எட்டிப்பார்க்க வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லியாயிற்றாம். மூன்று தடவையும் மனுஷன் மறுத்துவிட்டாராம்.

"என் சர்வீஸ்லயே இந்த ரூமுக்கு ஆசைப்பட்டு வர்ற ஒரே ஆள் இவர்தாம்மா. இன்னொரு தடவை கிருமி ரத்தத்துல ஏறினா உயிருக்கே ஆபத்து. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

அவளிடம் அவர் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

திரும்பி வந்தாள். மாட்டிக்கொண்டவர் போல அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பையே வைக்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

"அப்போ இனிமே ஒரு வருஷம்..." அவர் முடிக்கவில்லை.

அவள் குனிந்தாள். "நோவு வந்தாத்தான் என்னைக் கூப்பிடணுமா? சும்மா கூப்பிட்டா வர மாட்டேனா?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு டாக்டர் இருந்த பக்கம் திரும்பி, சரி என்று தலையாட்டினார்.

கட்டில் உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது.

நர்ஸ் படிவத்தை நீட்டினாள். நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. ஆறு தடவையும் அதைக் காலியாகவே விட்டிருந்தாள்.

இன்று 'மனைவி' என்று எழுதினாள்.

நான்கு வருடங்களுக்கு முன் விவாகரத்துப் பத்திரத்தில் போட்ட அதே கையெழுத்தை அதன் கீழே போட்டாள்.