துக்கம் கேட்க வந்தவர்

சமாதான ஒப்பந்தப்படி, போரில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுதோறும் எதிரி நாடு ஒரு பேசும் பெட்டியை அனுப்பியிருந்தது. "மன்னித்தேன்" என்று வீட்டார் சொல்லும்வரை அது தினமும் மன்னிப்புக் கேட்கும். தொகுதியில் யாழினி ஒருத்திதான் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவளால் சமாதான விழா தள்ளிப்போய்க்கொண்டே இருக்க, அமைச்சரே சால்வையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். போருக்கு மேடை மேடையாக ஏறி ஆள் திரட்டியவர், அவள் மகன் நிகிலன் செத்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவர், இப்போது சமாதானச் செம்மல்.

பெட்டி பேசியது. "உங்க பிள்ளையைக் கொன்னது நாங்கதாம்மா. மன்னிச்சிடுங்க." பிறகு விடைபெறாமலே அணைந்தது.

"எதிரியே இறங்கி வந்துட்டான். நீயும் ஒரு வார்த்தை சொல்லிடும்மா," என்றார் அமைச்சர்.

அவர் நீட்டிய சால்வையை யாழினி கையால் விலக்கினாள். அவர் அதை நாற்காலியில் போட்டுவிட்டு, ஓட்டுக் கேட்டுப் பழகிய வாயால், "சரி, போயிட்டு வர்றேம்மா," என்று கும்பிட்டார்.

"துக்க வீட்டுல போயிட்டு வர்றேன்னு சொல்லக் கூடாதுன்னு எதிரி செஞ்ச பெட்டிக்குத் தெரியுது," என்றாள் யாழினி. "நீங்க திரும்பி வந்தா கொடுக்க என்கிட்ட இன்னொரு பிள்ளை இல்லைங்க."