பேக்கப் போட்ட பூட்டு

ஒரு கம்ப்யூட்டர் சர்வருக்குள் பேக்கப்பும் ரீஸ்டோரும் குடியிருந்தன. பேக்கப் தினமும் தகவல்களெல்லாம் இருக்கும் டேட்டாபேஸை நகலெடுத்துப் பூட்டிவிட்டு, "வெற்றி!" என்று ஊரைக் கூட்டும். தொலைந்ததை நகலிலிருந்து மீட்பது ரீஸ்டோரின் வேலை. எதுவும் தொலையாததால் அது சும்மா கிடந்தது.

"அண்ணே, ஒரு நகலைத் திறந்து பார்த்துடலாமா?" என்று கேட்டது ரீஸ்டோர்.

"வெட்டியா உட்கார்ந்திருக்கிற உனக்கு என் வேலையில சந்தேகமா?" என்று எகிறியது பேக்கப்.

ஒருநாள் டேட்டாபேஸ் மொத்தமாக அழிந்துபோனது. பேக்கப் அலட்டிக்கொள்ளவில்லை. "இதுக்குத்தானே நான் இருக்கேன்! எடு தம்பி நகலை."

ரீஸ்டோர் ஓடிப்போய் எடுத்தது. "அண்ணே, பாஸ்வேர்டு கேட்குது."

"யார் கையிலும் சிக்கக் கூடாதுன்னு பத்திரமா வச்சிருக்கேன். டேட்டாபேஸுக்குள்ள..." பேக்கப்பின் குரல் இறங்கியது.

மறுநாள் அது காலி டேட்டாபேஸை நகலெடுத்தது, பூட்டியது, வழக்கம்போலக் கூவியது: "வெற்றி!"