நானூற்றுப் பன்னிரண்டும் ஒரு பூஜ்யமும்

"பூஜ்யம்! மூணு வருஷத்துல ஒரே ஒரு கட்டுரை. அதுக்கும் மேற்கோள் பூஜ்யம்! இன்னும் என்னம்மா யோசனை? பேரை அடிங்க."

பச்சைக் குழந்தைகள் பிரிவின் ஆராய்ச்சித் தலைவர் பட்டியலை மேஜை மேல் தட்டினார்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் நிர்வாகம் அனுப்பிய மதிப்பீட்டு அதிகாரி. குழுவில் எட்டு டாக்டர்கள். அவரவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை உலகத்தில் எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை. கடைசியில் நிற்பவருக்கு அடுத்த மாதம் முதல் குழுவில் இடமில்லை.

முதலிடம் தலைவருக்கு. நானூற்றுப் பன்னிரண்டு. காமாலை வந்த குழந்தைகளுக்கு அது எவ்வளவு என்று பார்க்கக் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்களே, அப்போது வலி தெரியாமல் இருக்க எந்தக் களிம்பு தடவலாம் என்று எழுதியிருந்தார். அந்தக் களிம்பா இந்தக் களிம்பா என்று இன்றுவரை ஊர் ஊராகச் சண்டை நடக்கிறது. ஒவ்வொரு சண்டையும் ஒரு மேற்கோள்.

கடைசி இடம், தலைவர் பேரை அடிக்கச் சொன்ன டாக்டரம்மாவுக்கு.

"இவங்க எதைப் பத்தி எழுதியிருக்காங்க சார்?"

"யாருக்குத் தெரியும்? எண்ணத்தானே வந்தீங்க, படிக்கவா வந்தீங்க?"

"பேரை அடிக்கறதுக்கு முன்னாடி அவங்களை ஒரு வார்த்தை கேட்கணும் சார். விதி அப்படி."

"கேளுங்க, கேளுங்க. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும் அவங்களுக்கு!"

டாக்டரம்மாவின் அறை, ஸ்டோர் ரூமில் தடுப்பு வைத்துப் பிரித்த பாதி. இன்னொரு பாதியில் உடைந்த தொட்டில்கள்.

"மேடம், உங்க கணக்குல ஏதாவது விட்டுப்போச்சா?"

"இல்லம்மா. சரியாத்தான் இருக்கு."

"அடுத்த மாசம் உங்களுக்கு இங்க வேலை இருக்காது. புரியுதுல்ல?"

"புரியுது." பேனாவைக் கீழே வைத்தார். "பொண்ணுக்கு இன்னும் படிப்பு முடியலை. எங்க போறதுன்னுதான் தெரியலை."

"அப்ப சண்டை போடுங்களேன்! அந்தக் கட்டுரையில என்னதான் எழுதினீங்க?"

"பரிசோதனை முறை பத்தி. சின்ன விஷயம்மா. யாராவது எடுத்துக்காட்டினாங்களான்னுதானே உங்க கேள்வி? யாரும் காட்டலை."

அதிகாரிக்கு எரிச்சலாக வந்தது. தனக்காகப் பேசத் தெரியாதவருக்காக ஊரா வந்து பேசும்?

படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் பாக்கி. முதலிடம் பிடித்த கட்டுரை சொந்த வார்டில் பயன்படுகிறதா என்று பார்த்து நிரப்ப வேண்டும். வார்டுக்குப் போய் நர்ஸிடம் விசாரித்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தலைவர் அறைக்குத் திரும்பும்போது ஏறக்குறைய ஓடி வந்தாள்.

"என்ன, பேரை அடிச்சாச்சா?"

"அடிக்க மாட்டேன் சார்."

"விளையாடறீங்களா? பூஜ்யம் எப்பவும் பூஜ்யம்தானே?"

"பூஜ்யம்தான். அதை நான் மாத்தி எழுதலை. பேரை அடிக்க முடியாதுங்கறதுக்குக் காரணம் எழுதி, நிர்வாகத்துக்கு அனுப்பிட்டேன்."

"என்ன காரணம்?"

"உங்க களிம்பு வார்டுல மாசம் எத்தனை டப்பா ஆகுதுன்னு நர்ஸ் அக்காவைக் கேட்டேன். ரெண்டு வருஷமா ஒரு டப்பாவைக்கூடப் பிரிக்கலையாம்."

தலைவர் முகம் சிவந்தது. "பிரிக்கலையா? யார் நிறுத்தச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை சார். டாக்டரம்மா ஒரு வருஷம் வார்டிலேயே உட்கார்ந்து, குழந்தையோட நெத்தியில ஒரு விளக்குக் கருவியை வெச்சே காமாலையை அளந்துடலாம்னு காட்டினாங்களாம். மத்த ஆஸ்பத்திரி நர்ஸுங்கல்லாம் வந்து கத்துக்கிட்டுப் போறாங்களாம். நர்ஸுங்க கட்டுரை எழுதறதில்லை பாருங்க, அதான் நம்ம கணக்குல வரலை."

"அது இருக்கட்டும்மா. களிம்பை ஏன் தடவலை?"

"நானும் அதையேதான் கேட்டேன் சார். நர்ஸ் அக்கா சிரிச்சுட்டாங்க. 'குத்தினாத்தானேம்மா வலிக்கும்?'னாங்க."