கீழே இறக்கிய குற்றம்

"கிரேன் ஓட்டுறவனை எதுக்குய்யா ஸ்டோர் ரூம்ல நட்டு போல்ட்டு எடுத்துக் குடுக்க விட்டிருக்கே?"

சங்கத் தலைவர் போட்ட சத்தம் பட்டறையின் மறுகோடி வரை கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் போட்டார்.

சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது எனக்கும் அவனுக்கும் உள்ள விஷயம்."

"நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவுல ரகசியமா? அதுக்குப் பேரு மிரட்டல்."

"என்ன பேரு வேணா வச்சுக்குங்க."

தலைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளும் ஒரு காலத்தில் அவரோடு மழையில் நனைந்து கொடி பிடித்தவர்தான். பதவி உயர்வு வந்தது, கொடி கையை விட்டுப் போனது. இப்படிப் போனவர்களைக் கணக்கெடுத்தால் தனியாக ஒரு சங்கமே தொடங்கலாம்.

மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். "மதியச் சங்கு ஊதுற வரைக்கும் டைம். அதுக்குள்ள அவன் மறுபடி கிரேன்ல ஏறணும். இல்லேன்னா ஒருத்தனும் மெஷினைத் தொடமாட்டான்."

வாசலில் காறித் துப்பிவிட்டு நடந்தார். கேட் சுவரில் பசை காயாத நோட்டீஸ்: 'கிரேன் தொழிலாளியைப் பழிவாங்காதே!' அவரே எழுதியது.

தலைவர் ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்தபோது கிரேன்காரன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்தான். சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது.

"என்னடா தாடி? நியாயம் கிடைக்கிற வரைக்கும் மழிக்க மாட்டேன்னு சபதமா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"மதியம் நீ மேல ஏறுற. நான் பேசிட்டேன்."

"வேணாம் அண்ணே."

"பயப்படாத. உன் பின்னாடி நானூறு பேர் நிக்கிறோம்."

"சூப்பர்வைசர் என்னை இறக்கி விடலேன்னா நானே இறங்கியிருப்பேன் அண்ணே." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஏணி வழியா இல்ல."

தலைவர் எதிரே கிடந்த பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. சோறு இறங்கல. மேல கேபின்ல உட்கார்ந்தா கீழ இருக்கிற தரை கூப்பிட்டுக்கிட்டே இருக்கிற மாதிரி இருந்துச்சு."

"என்கிட்ட ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"

அவன் பார்வை தலைவரின் மணிக்கட்டில் நின்றது.

"இந்த வாட்ச் எங்கப்பாவோடது. ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் என்ன? அவன் கொடுத்த அன்றே கேட் மீட்டிங்கில் அதைத் தூக்கிக் காட்டி, "தோழன்னா இவன்தான் தோழன்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கியவர் அவர்தானே.

"அப்போ என்கிட்ட இருந்ததை ஒவ்வொண்ணா குடுத்துட்டு வந்தேன் அண்ணே. சைக்கிளை வெல்டருக்கு. ரேடியோவை வாட்ச்மேனுக்கு. இனிமே எனக்கு எதுக்குன்னுதான். எல்லாரும் சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்க. கடைசியா சூப்பர்வைசர்கிட்ட என் குடையை நீட்டினேன். அவர் வாங்கல. 'எதுக்குடா இருக்கிறதை எல்லாம் குடுத்துட்டு இருக்கே'ன்னாரு." மூச்சு வாங்கினான். "அவர் ஒருத்தர்தான் அண்ணே கேட்டாரு."

தலைவருக்கு வாட்ச் வார் இறுகியது போல இருந்தது.

"அன்னைக்கே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. இப்பவும் வாராவாரம் அவர் வண்டியிலதான். நான் உள்ள பேசிட்டு வர்ற வரைக்கும் வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருப்பாரு. மாத்திரை சாப்பிடுறேன். இப்பதான் ராத்திரி கொஞ்சம் கண்ணை மூட முடியுது. டாக்டர் சொல்ற வரைக்கும் உயரத்துப் பக்கமே போகக் கூடாதாம்."

"இதைக் காலைல அந்த மனுஷன் என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே. நான் அவ்வளவு ஏசினேனே."

"நான்தான் சத்தியம் வாங்கினேன். கிறுக்கன்னு ஒரு தடவை பேர் விழுந்துட்டா, குணமானப்புறமும் யாரு அண்ணே என்னை நம்பி கிரேன் குடுப்பாங்க? யாருக்கும் தெரிய வேணாம், முக்கியமா சங்கத்துக்குத் தெரிய வேணாம்னு சொன்னேன்."

"சங்கத்துக்கா?"

"என்னைக் கேட்காமலே நோட்டீஸ் ஒட்டிட்டீங்களே அண்ணே."

தலைவர் வாட்சைக் கழற்றி அவன் கையில் கட்டினார். கடைசித் துளையில் மாட்டியும் அது நிற்காமல் நழுவியது.

"அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போறப்ப நானும் வர்றேன். அந்த பெஞ்சுல இன்னொரு ஆளுக்கு இடமிருக்கும்ல?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

சங்கு ஊதியது.

கேட்டில் கூட்டம் காத்திருந்தது. "டைம் ஆயிடுச்சு தலைவரே. சொல்லுங்க, நிறுத்திடுவோமா?" என்றான் வெல்டர்.

பழக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தார். வெளுத்த தடம் மட்டும் இருந்தது.

"கோரிக்கையை வாபஸ் வாங்குறேன். எல்லாரும் வேலைக்குப் போங்க."

சொல்லிவிட்டு, சுவரிலிருந்த நோட்டீசைப் பசையோடு கிழித்தார். இத்தனை வருஷத்தில் அவர் திரும்பப் பெற்ற முதல் கோரிக்கை.



"உள்ள போறப்ப புலி. வெளிய வர்றப்ப பூனை" என்றது ஒரு குரல்.

"அடுத்த சூப்பர்வைசர் யாருன்னு தெரிஞ்சு போச்சுடா" என்றது இன்னொன்று. கூட்டம் சிரித்தது. யாரோ அவர் காலடியில் காறித் துப்பினார்கள். ஆபீஸ் ஜன்னலில் சூப்பர்வைசர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வெல்டர் மட்டும் கிட்டே வந்தான். "வாயைத் திறந்து சொல்லுங்க தலைவரே. அவனை எதுக்குத்தான் இறக்கினாங்களாம்?"

தலைவர் கையிலிருந்த நோட்டீசைக் கசக்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

"அது எனக்கும் அவனுக்கும் உள்ள விஷயம்."